இஞ்சின் நின்ற நாள்

எட்டாம் வகுப்பில் குறை கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. யாரும் தந்த பதவியல்ல, நானே எடுத்துக்கொண்டது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கற்பிட்டியில் எங்கள் பாடசாலைக்குப் பயிற்சி முடித்த கையோடு ஒரு தமிழ் டீச்சர் வந்திருந்தார். பிள்ளைகள் நாலு பேருக்கு முன்னால் நின்று வாய் திறக்கப் பழக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். வியாழக்கிழமை கடைசிப் பாடவேளையைப் பேச்சுக்கென்று ஒதுக்கினார். வகுப்பைக் குழுக்களாகப் பிரித்துவிட்டார். கிழமைக்கு ஒரு குழு முன்னால் வந்து பேச வேண்டும். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பிடித்தது எது, திருத்த வேண்டியது எது என்று அரைத் தாளில் எழுத வேண்டும். மற்றவர்கள் ‘எல்லாம் பிடித்தது, திருத்த ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டு மணி அடிக்கக் காத்திருப்பார்கள். எனக்குத் தாளின் பின்பக்கமும் வேண்டும்.

தென்னையின் பத்துப் பயன்களைச் சொல்ல வந்த குழு ஏழாவதோடு நின்று, மீதி மூன்றையும் ஒருவர் முகத்தில் ஒருவர் தேடியது. சுத்தம் பற்றிப் பேசியவன் வெட்கத்தில் கரும்பலகையைப் பார்த்தே முழுதையும் ஒப்புவித்தான். எல்லாம் என் தாளில் ஏறின. நேரத்தை வீணாக்கக் கூடாது என்று எங்கள் குழு பேசியபோது மணி அடித்தும் நாங்கள் முடிக்கவில்லை; அதைப் பற்றி யாராவது எழுதினார்களா என்று நான் விசாரிக்கப் போகவில்லை. குறை சொல்வதற்குச் சம்பளம் கிடைத்தால் நம்ம வீட்டுக்கு மாடி கட்டிவிடலாம் என்று வாப்பா சொல்வார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கடைசிக் குழு றிஸ்னாவுடையது. அவள் ஊரை ஒட்டிய கடற்கழியான களப்பில், உச்சமுனைப் பக்கத்துத் தீவு ஒன்றிலிருந்து தினமும் படகில் வருபவள். அங்கிருந்த சின்னப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அவளும் அவளுடைய சாச்சாவின் இரட்டைப் பையன்களும் ஒரே வகுப்பு, ஒரே படகு, ஆகவே ஒரே குழு. வகுப்பில் அவளுக்கு என் பக்கத்துக் கதிரை. அவள் கொண்டுவரும் பொரித்த மீனும் என் உம்மாவின் ரொட்டியும் இடைவேளையில் இடம் மாறும். அவளை எனக்கு நிரம்பப் பிடிக்கும். பிடித்தவர்களைத் திருத்தாமல் விடக் கூடாது என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாடசாலைக்கு வரும் வழி என்பது அவர்களுடைய தலைப்பு. காற்றுக்கும் இஞ்சினுக்கும் மேலால் பேசிப் பழகியவர்கள் என்பதால் மூன்று பேரும் உரத்துப் பேசினார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதைவிட வேடிக்கை ஒன்று இருந்தது. வரைந்து கொண்டுவந்த படத்தைக் காட்ட ஒருவன் இடது பக்கம் போனால், மற்ற இருவரும் தாமாகவே வலது பக்கம் நகர்ந்தார்கள். அவன் திரும்பி வந்தால் இவர்களும் நடுவுக்கு வந்தார்கள். சின்னப் படகில் ஒரு பக்கம் பாரம் கூடினால் மறுபக்கம் ஆள் நகர வேண்டும், இல்லாவிட்டால் கவிழ்ந்துவிடும்; அந்தப் பழக்கம் சீமெந்துத் தரையிலும் அவர்களை விடவில்லை. வகுப்பே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று அவர்களுக்கு விளங்கவே இல்லை. சிரித்தாலும் ஒருவரும் மணியை எதிர்பார்க்கவில்லை. விடியற்காலைத் தண்ணீரின் நிறத்தையும், படகுக்குக் கூடவே வரும் மீன்களையும் றிஸ்னா சொல்லச் சொல்ல நாங்கள் வாய் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்படிக் கேட்டவள்தான் ‘ஓரிடத்தில் நிற்கவில்லை, சம்பவம் போதாது’ என்று எழுதிக் கொடுத்தேன்.

வருட முடிவில் நடக்கும் பெற்றோர் தின விழாவுக்கு டீச்சர் அந்தக் குழுவையே தெரிவுசெய்தார். எனக்குக் கொஞ்சம் எரிந்தது. ஆனால் இடைவேளையில் றிஸ்னா சொன்னதைக் கேட்டதும் எரிச்சல் போய்விட்டது.

“எட்டோட போதும் எண்டு வாப்பா சொல்லிட்டார். விழாவுக்கு வந்து நான் பேசுறதக் கேட்டா மனசு மாறுவார் எண்டு டீச்சர் சொல்றாங்க.”

ஏன் போதும் என்கிறார் என்று அவளுக்கும் தெரியவில்லை. அவர் காரணம் சொல்கிற மனிதரல்ல. படிப்பின் அருமை தெரியாத ஆள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அப்படிப்பட்டவரை அசைக்க வேண்டுமென்றால் விடியற்காலைத் தண்ணீரும் மீனும் போதாது, நெஞ்சைத் தொடுகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று சொன்னேன். அது என்ன என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் அவளே அதை எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள்.

அந்த வருடம் அலையைக் கிளப்பும் கச்சான் காற்று நாட்களில் ஒருநாள், களப்பின் நடுவில் படகின் இஞ்சின் நின்றுவிட்டது. அலை உள்ளே ஏறியது. படகோட்டி இஞ்சினோடு மல்லுக்கட்ட, இவள் சாப்பாட்டுப் பெட்டியைக் கொட்டிவிட்டு அதனால் தண்ணீரை இறைத்தாள். பையன்கள் கையால் இறைத்தார்கள். வேறொரு வள்ளம் கண்டு கட்டி இழுத்து வரும்வரை கலிமா சொல்லிக்கொண்டு இருந்தார்களாம். வீட்டுக்குத் தெரிந்தால் படகேற விடமாட்டார்கள் என்று மூன்று பேரும் ஒருவர் கைமேல் ஒருவர் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்கள்.

“அது ஊட்டுக்குத் தெரியாதே,” என்றாள்.

“மேடையில சொல்றதக் கதை எண்டுதான் நினைப்பாங்க. நாம சேத்துக்கிட்ட கதை எண்டு இருக்கட்டும்,” என்றேன் நான்.

அவள் நெடுநேரம் யோசித்தாள். பிறகு சரி என்றாள். வகுப்பில் எல்லாரையும்விட எனக்குத்தான் பேச்சைப் பற்றித் தெரியும் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு கிழமை இடைவேளைகளில் அவர்களைப் பழக்கினேன். எங்கே குரலைத் தாழ்த்துவது, எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்குவது, எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. கால்களை அசைக்கவே கூடாது என்று தரையில் சோக்கால் வட்டம் போட்டு நிற்க வைத்தேன்.

விழாவுக்கு அவளுடைய வாப்பா வந்திருந்தார். வெள்ளைச் சாரம், மடிப்புக் கலையாத சேர்ட். கடைசி வரிசையில் பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். றிஸ்னா பேசத் தொடங்கினாள். இஞ்சின் நின்ற இடத்தில் நான் சொன்னபடியே நிறுத்தினாள். சாப்பாட்டுப் பெட்டியால் தண்ணீர் இறைத்ததைச் சொன்னபோது முன்வரிசையில் ஒரு தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். முடிந்ததும் அதிபர் முதற்கொண்டு கைதட்டினார்கள். றிஸ்னாவின் வாப்பா மட்டும் இரண்டு கையையும் முழங்காலில் வைத்தபடி இருந்தார். கைதட்டத் தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் மேடையில் படங்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம் அவர் என்னிடம் வந்தார். மகளுடைய கூட்டாளி என்று என்னை அவருக்குத் தெரிந்திருந்தது.

“மகள், அந்த இஞ்சின் நிண்டது நடந்த கதையா?”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் கெட்டது வேறொருத்தி. சேர்த்துக்கொண்ட கதை என்றே இருக்கட்டும் என்று அவளுக்கு நான் கொடுத்த உறுதி அந்த நேரம் என் நினைவுக்கே வரவில்லை. கைதட்டலில் எனக்குரிய பங்கை வாங்கிக்கொள்ளும் அவசரம் மட்டுமே இருந்தது.

“ஓம் மாமா, உண்மையா நடந்ததுதான். சொல்லச் சொன்னதே நான்தான்.”

அவர் தலையசைத்தார். கோபப்படவில்லை. டீச்சரிடம் போய், புள்ள நல்லாப் பேசுது என்று மட்டும் சொன்னார். டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு மகளிடமிருந்து புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையைக் குழந்தையின் கையைப் போலப் பிடித்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தார். றிஸ்னா ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சந்தோசமாகக் கை காட்டினேன்.

அன்று வீட்டில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பெருமை தாங்காமல் அவளுடைய பையைக்கூட அவரே தூக்கிக்கொண்டு போனார் என்றேன். வாப்பா அந்தப் பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா என்று மட்டும் கேட்டார். விழாப் பேச்சைப் பற்றிச் சொல்லும்போது நீச்சல் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஜனவரியில் இரட்டையர்கள் மட்டும் வந்தார்கள். பையன்கள் எப்படியும் நீந்திக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்களாம். றிஸ்னாவை அவளுடைய வாப்பா இனிப் படகேற விடமாட்டாராம். களப்பு அந்த நாட்களில் பாய் விரித்தது போல அமைதியாகக் கிடந்தது. அதனால் அது வெறும் சாட்டு என்று நான் தீர்மானித்தேன். மேடையில் கைதட்டு வாங்கியதும் தலைக்கனம் வந்துவிட்டது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றுவிட்டாள் என்று அந்தத் தவணை முழுக்க அவள்மேல் கோபமாக இருந்தேன். பையன்களிடம் அவள் கொடுத்தனுப்பிய பொரித்த மீனையும் ஒருநாள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன்.