எட்டு கசந்த வெர்னா

கரி அடுப்பின் கம்பிமேல் சாசேஜ்களை அடுக்கும்போது வெர்னா ஹாட்ச் வாய்விட்டு எண்ணுவார். எட்டு வந்ததும் கை நின்றுவிடும். பன்னிரண்டு தாராளமாகப் படுக்கக்கூடிய அகலமான அடுப்பு அது. கடைசி வரிசையில் நாலு சாசேஜுக்கான இடம் சும்மா கிடந்து காயும். தட்டை நீட்டிக்கொண்டு இருபது பேர் நின்றாலும் எட்டெட்டாகத்தான் வேகும்.

"கம்பி வீணாக் காயுதே, வெர்னா" என்பார் குழாய் ரிப்பேர் பார்க்கும் ட்வைட். பன்னிரண்டு வருஷமாக இதைத்தான் சொல்கிறார்.

"காயட்டும். எட்டு கசந்துச்சுல்ல நமக்கு?"

பன்னிரண்டு வருஷமாகப் பதிலும் இதேதான்.

கார்வெல் கல்லூரி ஃபுட்பால் மைதானத்துக்குக் கிழக்கே வண்டிகள் நிறுத்தும் இடத்தில், ஆட்டம் உள்ள ஒவ்வொரு சனிக்கிழமையும் வெர்னாவைப் பார்க்கலாம். ஆட்டத்துக்கு முன்னால் கார்களுக்குப் பக்கத்திலேயே சமைத்து, சேர்ந்து சாப்பிடுவது இங்கே வழக்கம். பதினோரு மணி ஆட்டத்துக்கு ஏழு மணிக்கே அடுப்பு புகையும். இந்த அயோவா ஊரில் நான் மருந்துக்கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. என் காருக்கும் அவர் காருக்கும் அடுத்தடுத்த இடம். என் பெயர் வாயில் நுழையவில்லை என்று முதல் வாரமே என்னை 'மாத்திரைக்காரர்' ஆக்கிவிட்டார். அப்படியே நிலைத்துவிட்டது.

வெர்னாவுக்கு வயது அறுபத்தாறு. தொழில், வீடு விற்றுக் கொடுப்பது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் குழாய்களை எல்லாம் திறந்துவிட்டு, தண்ணீர் சூடாகும்வரை மணிக்கட்டை நீட்டிக்கொண்டு நிற்பார். மைதானத்தில் கண்ணெதிரே ஆட்டம் நடக்கும்போதும் காதில் ரேடியோ இருக்கும். "கண்ணு நம்ம கட்சி பேசும். ரேடியோக்காரன் உள்ளதைச் சொல்வான்" என்பார். வீடு பார்க்க வந்தவர்கள் சமையலறை சின்னது, வாசல் குறுகல் என்று இழுத்தால், என்னிடம் வந்து, "அவங்களுக்கும் எட்டு கசக்குதாம்" என்பார்.

அந்த எட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். லைல் ட்ராஸ்க் என்பவர் கார்வெல் அணிக்குப் பதினோரு வருஷம் கோச்சாக இருந்தார். ஒரு பருவத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம். படியால் அளந்து போட்டதுபோல் வருஷா வருஷம் எட்டு ஜெயிப்பார், நாலு தோற்பார். அவரிடம் ஆடிய பையன்கள் படித்துப் பட்டமும் வாங்கினார்கள். வெர்னாவின் கணவர் ஆஸ்பத்திரியில் படுத்த குளிர்காலம் முழுக்க, யாரும் கேட்காமலே நாலு பையன்களை அனுப்பி அவர் வீட்டு வாசலில் பனியை வாரிக் கொட்டச் சொன்னவர் ட்ராஸ்க். அதெல்லாம் சரி, எட்டு எப்போது ஒன்பதாகும், பத்தாகும் என்று ஊரே கேட்க ஆரம்பித்தது. என்னை மட்டும் யோக்கியன் என்று நினைக்க வேண்டாம். இருமல் மருந்து கொடுத்துக்கொண்டே நானும் கேட்டேன்.

பதினோராவது வருஷம் பக்கத்து ஊர் கல்லூரியிடம், சொந்த மைதானத்தில், அடி வாங்கிய மாதிரி தோற்றோம். ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில், பட்டப்பகலில், வெர்னா ட்ராஸ்க் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். டிக்கியைத் திறந்து 'வீடு விற்பனைக்கு' என்ற போர்டை எடுத்துப் புல்தரையில் சுத்தியலால் அடித்து நட்டுவிட்டு வந்தார். ஊரைவிட்டுக் கிளம்பு என்று ஒரு கோச்சிடம் சொல்வதற்கு எங்கள் பக்கத்தில் இதுதான் வழி. மற்ற ஊர்களிலும் செய்வார்கள். யார் வீட்டுப் போர்டையாவது திருடிக்கொண்டு வந்து, முகத்தை மறைத்துக்கொண்டு செய்வார்கள். வெர்னா நட்டது தன் சொந்தப் போர்டு. அதில் அவர் பெயர் ஒரு அடி உயரத்தில், கீழே போன் நம்பர். மறுநாள் பேப்பரில் போட்டோ வந்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது.

அடுத்த வாரம் நிர்வாகம் ட்ராஸ்கை நீக்கியது. பருவத்தில் இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது. போனில் சொல்லி முடித்துவிட்டார்கள். ஊரில் பாதிப் பேர் ஹாரன் அடித்துக் கொண்டாடினார்கள். மறுபாதி அவர்களோடு பேச்சை நிறுத்தியது. ஹாரன் அடித்தவர்கள்கூட வெர்னாவைப் பார்த்து முகம் சுளித்தார்கள். பனி வாரிக் கொட்டிய கைக்கு இதுவா பதில் என்று தேவாலயத்தில் அவர் காதுபடவே பேசினார்கள். மூன்று குடும்பங்கள் அவரிடம் விற்கக் கொடுத்திருந்த வீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டன. கணவரும் போய்விட்ட வீட்டில் வெர்னா சத்தமே வராத போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதாம் நாள் மணி அடித்தது. "ட்ராஸ்க் பேசறேன். போர்டுல உங்க நம்பர் இருந்துச்சு. வீட்டை வித்துக் கொடுங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டார். அதே போர்டு, அதே குழி, வீடு விற்றது. தபாலிலேயே கையெழுத்தெல்லாம் முடிந்தது. கோச்சே இவளை நம்பியபோது நமக்கு என்ன என்று ஊரும் மெல்லத் திரும்பி வந்தது. ட்ராஸ்க் குடும்பத்தோடு கான்சாஸ் போய்ச் சேர்ந்தார். நேரில் ஒரு மன்னிப்பு, ஒரு நன்றி, இரண்டில் ஒன்றைக்கூட வெர்னா சொல்லவில்லை. அடுத்த பருவம் முதல் அடுப்பில் எட்டுதான்.

அணியின் கதையோ, அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை. பன்னிரண்டு வருஷத்தில் ஐந்து கோச்சுகள். "இப்ப ரெண்டு வருஷத்தைக் கூட்டினாலும் எட்டு வரமாட்டேங்குது" என்பார் ட்வைட். அன்று ஹாரன் அடித்தவர்களில் அவரும் ஒருவர். இப்போது மாநிலத்தில் எந்தப் பையன் பட்டம் வாங்கினாலும், "கோச் காலத்துப் பழக்கம்" என்று ட்ராஸ்க் கணக்கில் எழுதிவிடுகிறார்.

போன மாதம், பழைய அணி ஒன்றைக் கௌரவிக்க ட்ராஸ்கைக் கல்லூரியே அழைத்தது. ஒரு வாரமாக வெர்னாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்கு வந்து, "மாத்திரைக்காரரே, கை நடுக்கத்துக்கு ஏதாவது இருக்கா?" என்றார்.

"இதுக்கு மாத்திரை கிடையாது. வாயைத் திறந்தா நின்னுடும்" என்றேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ட்ராஸ்க் கையில் தடியோடு, மனைவியோடு, கார்களுக்கு நடுவே நடந்து வந்தார். பின்னால் அவருடைய பழைய ஆட்டக்காரர்கள், தலை நரைக்க ஆரம்பித்தவர்கள். எல்லாரும் எழுந்து தொப்பியைக் கழற்றினோம். ஆளுக்கு ஆள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். "நான் ஹாரன் அடிச்சவன், கோச். என்னை மன்னிச்சுக்குங்க" என்றார் ட்வைட். வெர்னா மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு, வெந்துபோன சாசேஜ்களைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார். ட்ராஸ்க் நேரே அடுப்பருகே போய் நின்றார்.

வெர்னா திரும்பினார். "கோச், அந்தப் போர்டு... நான்தான்."

"தெரியும்மா. பேரு ஒரு அடி உயரத்துல இருந்துச்சே."

நாங்கள் சிரித்தோம். வெர்னா சிரிக்கவில்லை. "அப்புறம் ஏன் என்னைப் போய்க் கூப்பிட்டீங்க?"

"அந்த வாரம் வந்த கடுதாசி ஒண்ணுலயும் பேர் இல்ல. போன் பண்ணித் திட்டினவனும் பேர் சொல்லல. நீங்க ஒருத்தர்தான் பேரையும் நம்பரையும் போட்டுத் திட்டினீங்க. இந்த மாதிரி ஆள்கிட்டதான் வீட்டைக் கொடுக்கணும்னு இவதான் சொன்னா" என்று மனைவியைக் காட்டினார்.

வெர்னாவின் முகம் சிவந்துவிட்டது. "தைரியமெல்லாம் இல்ல கோச். கோவத்துல டிக்கியைத் திறந்தேன், அதுதான் கைக்கு வந்துச்சு. அதுல பேர் இருக்கறதே ஞாபகம் வரல."

முதலில் சிரித்தது ட்ராஸ்கின் மனைவி. "பன்னிரண்டு வருஷமா உங்களை நல்லவிதமா நினைச்சுட்டோம். இனிமே மாத்திக்க முடியாதும்மா" என்றார்.

"அந்த ஒரு போன்லதான் நான் பொழைச்சேன், கோச்" என்றார் வெர்னா. "என் வாசல்ல பனி வாரினீங்க. உங்க வாசல்ல நான் போர்டு நட்டேன். அதுக்கப்புறமும் கூப்பிட்டீங்க. ரொம்ப நன்றி. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

ட்ராஸ்க் ஒரு காகிதத் தட்டை எடுத்து நீட்டினார். "சொல்லிட்டீங்கல்ல. பசிக்குது, போடுங்க. பசங்களும் நிக்கறாங்க."

அடுப்பிலிருந்த எட்டும் ஒரே நிமிஷத்தில் தட்டுகளுக்குப் போயின. வெர்னா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதுப் பொட்டலத்தைப் பிரித்து, மறுபடி அடுக்க ஆரம்பித்தார். இந்த முறை எண்ணும் சத்தம் வரவில்லை. முதல் இரண்டு வரிசையும் நிறைந்தன. வெர்னா குனிந்து, பன்னிரண்டு வருஷமாகக் காய்ந்து கிடந்த கடைசி வரிசையில் ஒன்பதாவது சாசேஜை வைத்தார்.