பதிமூன்றாவது மாதம்

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெருங்களத்தூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றபடி, ஜெர்மனியில் இருக்கும் என் மகளோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். அவள் அந்த ஊர்ப் பையனையே கல்யாணம் செய்துகொண்டவள். கல்யாணமும் அங்கேயே நடந்ததால், சம்பந்தி வீட்டார் நம் ஊரைப் பார்த்ததே இல்லை. அன்று அவளுடைய மாமியாரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்குக் கைகூப்பி ஒரு வணக்கம் வைத்துவிட்டு, மகளிடம் ஏதோ கேட்டார்.

"அம்மா, நம்ம ஊருக்கு வர எந்த மாசம் பெஸ்ட்னு கேக்கறாங்க. மே மாசம் வரலாமான்னு..."

"மே மாசமா! கத்திரி வெயில்ல நாமளே வெளிய தலை காட்ட மாட்டோம். அவங்க தாங்குவாங்களா? வேண்டாம்னு சொல்லிடு."

"இல்லம்மா, அவங்க எதுக்குக் கேக்கறாங்கன்னா..."

"எதுக்கா இருந்தா என்ன? நான் நல்ல மாசமா பாத்துச் சொல்றேன்."

என் சுபாவம் அப்படி. ஒரு வேலை கையில் வந்துவிட்டால் அது முடியும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. அதிலும் சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக வருகிறார்கள். நம் வீட்டைப் பற்றி, தெருவைப் பற்றி ஒரு குறை சொல்லும்படி ஆகிவிடக் கூடாது. அன்று சாயங்காலமே தினசரி காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மாசி இதோ முடியப்போகிறது. பங்குனியிலேயே சூடு ஏறிவிடும், சித்திரை, வைகாசி வெயில். ஆனியிலும் அது முழுசாக அடங்காது. ஆடியில் சம்பந்தியை முதன்முதலாக வீட்டுக்கு அழைக்க முடியுமா? ஆவணியில் மருமகனுக்கு லீவு கிடையாது. புரட்டாசியில் எங்கள் வீட்டில் கறி மீன் சமைப்பதில்லை. அவர்களுக்கோ அது இல்லாமல் சாப்பாடு இறங்காது. ஐப்பசி, கார்த்திகை என்றாலே எங்கள் தெருவில் வெள்ளம். ஒரு மழையில் கட்டில் கால்வரை தண்ணீர் ஏறி, அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மாடி ஏறியவள் நான். மார்கழியில் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ். பொங்கலுக்கு எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி சென்னை அங்கேதான் பெட்டியோடு நிற்கும். ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கவே அரை நாள் ஆகும்.

பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் சிரித்தார். "ஒண்ணு பண்ணு. அவங்களைப் பதிமூணாவது மாசம் வரச் சொல்லிடு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் விடவில்லை. பொங்கல் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, தை மாதக் கடைசி என்று முடிவு செய்தேன். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மகளிடம் சொன்னபோது, "மே மாசம்னா நல்லா இருந்திருக்கும். சரிம்மா, உன் இஷ்டம்" என்றாள். குரலில் சுரத்தே இல்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை.

அந்த வருட மழை முடிந்த கையோடு, பாதாளச் சாக்கடைக்காக எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டார்கள். வாசல் கேட்டுக்கு முன்னால் ஆளுயரப் பள்ளம். அதன் மேல் ஒரு பலகை. பால் பாக்கெட் வாங்கக்கூடக் கம்பி மேல் நடப்பவள் மாதிரி நடந்து போக வேண்டும். தினமும் காலையில் எழுந்ததும் பள்ளத்தை எட்டிப் பார்ப்பேன். மூடியிருக்காது. தை பிறந்தும் மூடவில்லை. எனக்குத் தூக்கமே போய்விட்டது. சம்பந்தி அம்மாவைப் பலகை மேல் நடக்க வைத்தா வீட்டுக்குள் கூப்பிடுவது? மகளுக்குப் போன் போட்டு, இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போடச் சொன்னேன். அவர்களும் மறுபேச்சில்லாமல் டிக்கெட்டை மாற்றினார்கள்.

அந்த ஒரு மாதத்துக்குள் சம்பந்தி அம்மாவுக்கு வயிற்றில் வலி வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தால், ஈரலில் கட்டி. பயணம் இப்போது வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கோடைக்குள் சரியாகிவிடும் என்று மகள் சொன்னாள். பங்குனி முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

போன் வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். பள்ளத்தை மூடி, தார் போட்டு, தெரு பளபளவென்று இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

மே மாத ஆரம்பத்தில் மகள் கூப்பிட்டாள். "மாமா வராரும்மா. நானும் கூட வரேன். அடுத்த வாரம்." இந்தத் தடவை என்னை யாரும் மாதம் கேட்கவில்லை. நம் பக்கத்தில் மனைவி போய் இரண்டாம் மாதமே இப்படிக் கிளம்பி வருவார்களா என்று மனசு முணுமுணுத்தது. அதைவிட அதிகமாக வெயிலை நினைத்துத்தான் பதறினேன். மோர், குளுக்கோஸ், குடை, ஈரத் துண்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்துக்கொண்டு நானும் கணவரும் மீனம்பாக்கம் போனோம்.

சம்பந்தி ஒல்லியாக, உயரமாக இருந்தார். கண்ணில் களைப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டார். காரில் ஏசியைக் கூட்டு, கண்ணாடியைத் திறக்காதே, தண்ணி குடு என்று நான்தான் நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தேன். தாம்பரம் தாண்டி, இரும்புலியூர் தாண்டி, வீட்டுக்கு இன்னும் ஐந்து நிமிடம். திடீரென்று அவர் டிரைவரின் தோளைத் தட்டி, நிறுத்தச் சொன்னார்.

ரோட்டோரம் புங்க மரத்தடியில் ஒரு நுங்கு வண்டி. அவர் நான் நீட்டிய குடையைக்கூட வாங்காமல் இறங்கி, அந்தக் கொதிக்கிற வெயிலில் நடந்து போய் வண்டி முன்னால் நின்றார். "ஐயோ, மயங்கி விழப் போறார்" என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

நுங்குக்கார அம்மா அரிவாளோடு நிமிர்ந்து பார்த்தார். "இன்னாக்கா, தோலு உரிச்சு கவர்ல போட்டுத் தரட்டா?"

"வேணாம்கா" என்றாள் என் மகள். "அப்படியே சீவிக் குடுங்க. விரல் விட்டுச் சாப்பிடுவாரு."

"வெள்ளக்காரருக்கு வெரலு போடத் தெரிமா?"

தெரிந்திருந்தது. சீவிய காயைக் கையில் வாங்கினார். காயின் ஒரு கண்ணில் கட்டைவிரலை மெதுவாக விட்டு, நெம்பி, வாயருகே கொண்டுபோய் உறிஞ்சினார். பாதித் தண்ணீர் சட்டையில் தெறித்தது. "அட, நம்ம ஆளு மாதிரியே துன்றாரே!" என்று அந்த அம்மா சிரித்தார். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்கு முகம் கோணி, கண்ணில் நீர் வழிந்தது.

மகள் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள். "சின்ன வயசுல நாம இங்க நின்னு நுங்கு சாப்பிடுவோம்ல, அதை அத்தைகிட்டச் சொல்லியிருந்தேன். இது அனுப்பி வைக்கிற பொருள் இல்ல, வெயில் காலத்துல இங்க வந்துதான் சாப்பிடணும்னும் சொன்னேன். அதுலேர்ந்து அதே பேச்சு. சின்னக் கிண்ணத்துல ஜெல்லி ஊத்தி வெச்சு, கட்டைவிரலால எடுத்துச் சாப்பிட்டுப் பழகினாங்கம்மா. மாமாவையும் பழக வெச்சாங்க. அதுக்குத்தான் மே மாசம் கேட்டாங்க."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீ விட்டாதானே."

சம்பந்தி அம்மா என்னிடம் கேட்டது ஒரு சின்ன ஆசை. நானோ என் தெருவின் அழகையும் என் கௌரவத்தையும் வைத்துக் காலண்டரில் மாதம் தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் இரண்டாவது காயைக் கேட்டார். நுங்குக்கார அம்மா சீவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "கரீட்டான டைமுக்குத்தான் இட்டுகினு வந்துகீற. இன்னும் ரெண்டு வாரம் போச்சினா அல்லாம் முத்திப்பூடும்கா. அப்பால வெரலு எறங்காது."

நான் அங்கேயே, நடுவெயிலில், தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். எதற்கு என்று அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு நுங்கைச் சீவிக் கையில் திணித்தார்.

இப்போதெல்லாம் எந்த மாதம் வரலாம் என்று யாராவது கேட்டால், காலண்டரைத் தொடுவதில்லை. என்ன ஆசையோடு வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு பதிலைக் கேட்கிறேன். ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒருவரிடம் கேட்காமல் விட்டேனே; ஒவ்வொரு சித்திரையிலும் அந்தப் புங்க மரத்தடியைக் கடக்கும்போது, கிண்ணத்து ஜெல்லியில் கட்டைவிரலை விட்டுப் பழகிய அந்தக் கை என் கண் முன்னால் வந்து நிற்கிறது.