இரைச்சலுக்குள் அருள்தாஸ் கேட்டது

தாம்பரம் ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது அருள்தாஸின் மைத்துனர் வந்து தோளைத் தொட்டார். "மாமா நேத்து தவறிட்டாரு வரது சார். நாலு மணிக்கு அடக்கம்." எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, பயம். அவரிடம் சொல்லவேண்டிய ஒன்றை இனிச் சொல்ல முடியாது.

மாடம்பாக்கம் பக்கம் வயல்களுக்கு நடுவே இருந்த எங்கள் வயர்லெஸ் நிலையத்தில், காதுக்கருவி மாட்டிக்கொண்டு கப்பல்களின் தந்தி ஒலியைக் கேட்பது அவருக்கும் எனக்கும் இன்னும் சிலருக்கும் வேலை. ஒலி மங்கினால் நாங்களெல்லாம் சத்தத்தைக் கூட்டுவோம், அவர் குறைப்பார். கேட்ட ஒவ்வொரு ஒலிக்கும் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் ஒரு கோடிழுப்பார். மறுபடி கேட்டால் அதற்கு நேர் கீழே அடுத்த வரிசை. இரைச்சல் என்றால் கோடுகள் சிதறிக் கிடக்கும். மனிதன் அனுப்பியது ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும். "இரைச்சலு ஒரே எடத்துல திரும்பத் திரும்ப வராதுப்பா" என்பார். பேய்க்காது என்று நாங்கள் அவருக்கு வைத்த பெயருக்கு அவரும் சேர்ந்து சிரித்தார்.

சந்தேகமான ஒலியைத் துறைமுகத்துக்குத் தெரிவிக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். நான் சொல்லப்போகும் நாளுக்கு முந்தைய மாதம் வேறொருவர் கேட்டதாகச் சொன்னதற்கு நான் கையெழுத்துப் போட்டு, மீட்புப் படகு வெறுங்கையோடு திரும்பி, எனக்கு மெமோ வந்திருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி, புயல் எச்சரிக்கை நாள். பகல் இரண்டு மணிக்கே விளக்குப் போட்டிருந்தோம். காதுக்குள் எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல ஓயாத இரைச்சல். அருள்தாஸ் தாளை என் பக்கம் தள்ளினார். நான்கு வரிசை, கோடுகள் நேர்கீழாக நின்றன.

"வரது, கப்பல் ஒண்ணு கூப்பிடுது. ஒனக்குக் கேக்குதா?"

அவருடைய காதுக்கருவியை வாங்கி மாட்டிக்கொண்டு வெகுநேரம் கேட்டேன். இரைச்சல்தான் என்றேன். கையெழுத்துக்காகப் பென்சிலை என்னிடம் நீட்டியபடியே இருந்தார். நான் வாங்கவில்லை. அவர் தனியாகவே துறைமுகத்துக்குப் போன் செய்தார். இரண்டாவது கையெழுத்து யாருடையது என்று கேட்டு, இல்லையென்றதும் போனை வைத்துவிட்டார்கள். ஐந்தாவது வரிசை எழுதும் முன்பே ஒலி நின்றுபோனது.

மூன்றாம் நாள் கோவளத்து மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கி வைத்துச் சொன்னாள்: "பலகையா ஒதுங்கிகினு கீது சார். ஆளு ஒர்த்தரும் வரல." சிறிய சரக்குக் கப்பல். விசாரணையில், சேதி தெரிந்தபிறகு அருள்தாஸ் போட்ட கோடுகள் என்று முடிவு கட்டினார்கள். அவர் போன் செய்ததற்குப் பதிவே இல்லை என்றது துறைமுகம். எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று அங்கேயும் சொன்னேன். அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதன்பிறகு அவர் காதுக்கருவியைத் தொடவில்லை.

சில வருடம் கழித்து ஒரு ரேடியோ வால்வு வாங்க ஸ்டோருக்குப் போனேன். அதை எடுத்துக் கொடுத்த அருள்தாஸ் நிமிராமலே சொன்னார்: "அன்னிக்கு அந்தச் சத்தத்துக்குக் கூடவே ஒன் வெரலு மேஜையில தட்டிச்சு. நான் பாத்தேன்."

விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒனக்கு அப்பதானே கொழந்த பொறந்திருந்துச்சு."

அப்போதாவது நான் ஒப்புக்கொண்டிருக்கலாம். வால்வை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் பொய்யாகக் கோடு போட்டார் என்று இன்றும் நம்புகிற பழைய நிலையத்து நண்பர்களே, நானும் கேட்டேன். தெளிவாகவே கேட்டேன். என்னை மன்னித்துவிட்டதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை, காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றே.