மூக்கில் கட்டிய துணி

சித்தூர் ஆந்திராவுக்கா மதராசுக்கா என்று தெருவில் கத்திக்கொண்டிருந்த காலம். நான் மூக்கு டாக்டரிடம் கம்பவுண்டர். திருப்பதிப் பக்கம் கோயில் மடப்பள்ளியில் சமைப்பவர் ஒருவர் வந்தார். நெற்றியில் நாமம், மூக்கின் மேல் துணி. சாமிக்குப் படைக்கும் முன் வாசனை பிடிக்கக் கூடாது என்று சமைக்கும்போது கட்டுவது. அதில் ரத்தம்.

“வாசனை தெரிஞ்சு எவ்ளோ நாளாச்சு?” என்றார் டாக்டர்.

“ரெண்டு வருஷம். பெருமாள் அனுக்கிரகம்னு இருந்துட்டேன்.”

“அனுக்கிரகமாய்யா அது!” என்று கத்திவிட்டேன்.

டாக்டர் நெற்றியில் மாட்டிய வட்டக் கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி, மூக்கை விரித்துப் பார்த்தார். உள்ளே கட்டி.

“முத்திப்போச்சு. அப்பவே பார்த்திருந்தா எடுத்திருக்கலாம்.”

சமையல்காரர் எழுந்து துணியை மறுபடி கட்டினார்.

“இங்க எதுக்கு அது?” என்றேன்.

“ஆத்துல எல்லாரும் தள்ளி உக்கார்றா. உங்களுக்கும் நாத்தம் அடிக்குமே.”

எனக்கு இன்றும் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.