நானூற்றுப் பத்து வார்த்தைகள்

இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்குவிடுதி கேன்டீன் மேசையில் இருந்தவர்கள் மூன்று பேர்: ஒரத்தநாட்டுக் குமரேசன், திருவிடைமருதூர்ப் பக்கத்துச் செல்வம், நான். இல்லாதவர் என் அண்ணன் ராஜேந்திரன். ஆனாலும் அவர் வழக்கமாக உட்காரும் ஓரத்து இருக்கைக்கு முன்னால் செல்வம் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்திருந்தான். சிங்கப்பூரில் இப்படித்தான் இடம் பிடிப்பார்கள். நம் ஊரில் பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுகிறோமே, அதே சங்கதி. அங்கே துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்து வம்புக்கு நிற்க ஒருவராவது இருப்பார். இங்கே ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்துக்கு ஊரே கட்டுப்படுகிறது. வந்த புதிதில், யாரோ மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து அப்படி ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஒரு சீன அம்மாளின் பின்னால் ஓடினேன். அவர் என்னையும் பாக்கெட்டையும் பார்த்தார். பிறகு சாப்பாட்டுத் தட்டோடு வேகமாகத் திரும்பி, தன் இடம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கப் போனார். நன்றி சொல்வார் என்று நின்றிருந்தேன்.

"யாருக்கு இது?" என்று செல்வத்திடம் கேட்டேன்.

"பழக்கதோசம் சார்" என்றான். அண்ணன் ஊருக்குப் போய் ஏழு வாரம் ஆகிறது.

நான் எங்கள் வீட்டில் முதலில் படித்தவன். கும்பகோணத்தில் பி.ஏ. ஆங்கிலம். இங்கே ஒரு கட்டட நிறுவனத்தில் கிடங்குக் கணக்கு பார்க்கிறேன். அண்ணன் எனக்கு முன்பே வந்து அதே நிறுவனத்தில் பள்ளம் தோண்டுகிற குழுவில் இருந்தார். ஐந்தாம் வகுப்புவரை போனவர். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிப்பார், மெதுவாக. போன ஆண்டு நிறுவனம் சொல்லிவிட்டது: மேற்பார்வையாளர் தேர்வில் தேறினால் வேலை பர்மிட்டை நீட்டிப்போம், இல்லாவிட்டால் முடிகிற தேதியில் ஊருக்கு. அந்தத் தேர்வில் ஒரு தாள், ஆங்கிலத்தில் ஒரு பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. அண்ணன் வருவதற்காக மண்ணியாற்றுப் பாசனத்தில் இருந்த எங்கள் மூன்று மா நிலத்தை, அதாவது ஒரு ஏக்கரை, அடமானம் வைத்திருந்தோம். மேற்பார்வையாளர் சம்பளம் வந்தால்தான் அது மீளும்.

"நீ இருக்கும்போது எனக்கு என்னடா பயம்" என்றார் அண்ணன்.

எனக்கும் பயம் இல்லை. இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, நடுவில் சிவப்புக் கோடு போட்டு, இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ்ப் பொருள் என்று எழுதினேன். பாதுகாப்புக் கையேட்டை வரிவரியாகச் சலித்து எடுத்தவை நானூற்றுப் பத்து வார்த்தைகள். நான் அப்படித்தான் படித்தேன். எங்கள் பள்ளியில் பாடத்தைத் திறக்கும் முன்பே பொருள் எழுதிப் போடுவார்கள். நாங்கள் கும்பலாகக் கத்துவோம். கல்லூரியில் ஒரு நாவலைத் திறந்தே பார்க்காமல் அதைப் பற்றி ஆறு பக்கம் எழுதி முதல் வகுப்பு வாங்கியவன் நான். படிப்பு என்றால் அதுதான் என்று நம்பினேன். அந்த நம்பிக்கைதான் என்னை வயலிலிருந்து வெளியே கொண்டு வந்தது. அதை நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

பொருள் எழுதுவதிலும் எனக்கு ஒரு கௌரவம் இருந்தது. எக்ஸ்கவேஷன் என்றால் 'பள்ளம் தோண்டுறது' என்று எழுதக் கை வரவில்லை. 'அகழ்தல்' என்று எழுதினேன். சீப்பேஜ், கசிவு. கொலாப்ஸ், சரிவு. ஹஸார்ட், இடர்.

"அகழ்தல்னா என்னடா?" என்று ஒரு நாள் அண்ணன் கேட்டார். காலையிலிருந்து அகழ்ந்துவிட்டு வந்த கை, நகக்கண்ணில் மண்.

"அது அப்படித்தாண்ணே. மனசுல ஏத்திக்க. அர்த்தம் அப்புறம் வரும்."

அவர் ஏற்றிக்கொண்டார். அதுதான் கொடுமை. தெரியாத ஆங்கிலத்துக்குத் தெரியாத தமிழைச் சேர்த்து, இரண்டையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்தார். லாரியில் போகும்போதும் உதடு அசையும். குமரேசன் சும்மா இருப்பானா? "என்னண்ணே, லலிதா சகஸ்ரநாமமா?" என்பான். "போடா, உனக்குப் பொறாமை" என்பார் அண்ணன். மூன்று மாதத்தில் நோட்டை எந்தப் பக்கத்தில் பிரித்துக் கேட்டாலும் தப்பாமல் சொன்னார்.

பயிற்சி மையத்தில் மிஸ்டர் லிம் என்று ஒரு பெரியவர் பாடம் எடுத்தார். நானும் ஒருமுறை அண்ணனோடு போய், தேர்வில் எந்தெந்த வார்த்தை வரும் என்று பணிவாகக் கேட்டேன்.

"நோ வேர்ட் கம்மிங் லா. ஜஸ்ட் ரீட்" என்றார்.

முக்கியமான வினாக்களை வெளியே விடமாட்டார் போலிருக்கிறது, அழுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் முறை தனியாகப் போய்க் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, பர்மா ஆட்கள் நாலு பேரை அழைத்துக்கொண்டு பின்புறம் மாதிரிக்காகத் தோண்டியிருந்த பள்ளத்துக்குப் போனார். என்னையும் கையசைத்துக் கூப்பிட்டார். பள்ளத்தின் பக்கச் சுவரில் கையை வைக்கச் சொன்னார். ஈரம். "சீப்பேஜ்" என்றார். எங்கிருந்து வருகிறது, வந்தால் என்ன ஆகும், நீ என்ன செய்வாய் என்று ஒவ்வொருவரையும் அந்தச் சொல்லைப் போட்டுப் பேச வைத்தார். அப்புறம் அது வருகிற ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார். ஒரு சொல்லுக்கு முக்கால் மணி நேரம்! நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இந்த நேரத்தில் நம் நோட்டில் முப்பது வார்த்தை முடிந்திருக்கும்.

அண்ணன் மூன்று முறை எழுதினார். மூன்றாம் முறை எழுதிவிட்டு வந்து, கேன்டீனில் இதே ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

"எல்லா வார்த்தையும் நம்ம நோட்டுல இருந்ததுதாண்டா தம்பி. ஒண்ணுகூடப் புதுசு இல்ல. ஆனா என்ன கேட்டான்னுதான் தெரியல."

பத்தியில் பார்த்த சொற்களை வரிசையாக ஒப்பித்தார். டிரெஞ்ச், ஹெவி ரெயின், சீப்பேஜ், கிராக், கொலாப்ஸ், வொர்க்கர்ஸ். நான் கோத்துப் பார்த்தேன். பெருமழைக்குப் பிறகு நீளமான பள்ளத்தின் சுவரில் நீர் கசிகிறது, வெடிப்பு தெரிகிறது, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், மேற்பார்வையாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? அண்ணன் 'தண்ணீரை இறைக்க வேண்டும்' என்பதற்குக் குறி போட்டிருந்தார். இறைப்பது என்ற ஒன்றுதான் தெரிந்த சங்கதியாக இருந்ததாம்.

"அண்ணே, நம்ம வாய்க்கால்ல நண்டு வளை போட்டு, கரை ஒழுகுது. மழை பேஞ்சு கரை வெடிச்சிருக்கு. உள்ள ஆளுங்க கோரை அறுத்துக்கிட்டிருக்காங்க. நீ முதல்ல என்ன பண்ணுவ?"

"இதென்னடா கேள்வி. ஆளை மேல ஏத்துவேன். அப்புறம்தான் களிமண்ணும் வைக்கோலும் வெச்சு மிதிக்கிறது." சொல்லிவிட்டு நிறுத்தினார். "அட... இதைத்தான் கேட்டானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இதுக்கா நானு அத்தன மாசம் அகழ்தல் அகழ்தல்னு..." என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கசிவைப் பற்றி, வெடிப்பைப் பற்றி, கரை எப்போது போகும் என்பதைப் பற்றி அந்தத் தாளைத் தயாரித்தவருக்குத் தெரிந்ததைவிட என் அண்ணனுக்கு அதிகம் தெரியும். அந்த அறிவுக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவே சிவப்புக் கோடு போட்டவன் நான். அந்த முறையும் அவர் தேறவில்லை. பர்மிட் முடிய ஒன்பது நாள் இருந்தது. நான்காம் முறை இல்லை.

அவர் போன பிறகு, மற்றவர்களுக்காவது சரியாகச் சொல்லித் தரலாம் என்று பார்த்தேன். ஒரு ஞாயிறு குமரேசனையும் செல்வத்தையும் விடுதிக்குப் பின்னால் இருக்கிற வடிகாலுக்கு அழைத்துப் போனேன். சுவரைத் தொடச் சொன்னேன், பேச வைத்தேன், ஒரு பத்தியை நிதானமாகப் படித்தோம். அன்றைக்கு மொத்தமே மூன்று வார்த்தைகள். செல்வம் அந்தப் பத்தியைத் தன் சொந்தத் தமிழில் திருப்பிச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது.

"நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே" என்றான் குமரேசன். "ஆனா எனக்குப் பரீட்சை பத்தொம்பதாவது நாள். இந்த வேகத்துல போனா எம்மவன்தான் போய் எழுதணும். அண்ணன் நோட்டு ஜெராக்ஸ் இருக்குல்ல, அதைக் குடுங்க."

அவன் சொல்வதிலும் தப்பில்லை. தேர்வுத் தேதி யாருக்காகவும் காத்திருக்காது. நோட்டுக்கு ஏற்கெனவே நகல் எடுத்திருக்கிறார்கள். அடுத்த கட்டடத்து விடுதியில்கூடப் பார்த்தேன், என் கையெழுத்து, சிவப்புக் கோடு கறுப்பாக விழுந்திருந்தது. என்னால் அதைத் திரும்பப் பிடுங்க முடியாது.

இந்த ஞாயிறும் நகலை வைத்துத்தான் வகுப்பு. நடுவில் அண்ணன் வீடியோவில் வந்தார். வரப்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏழாவது படிக்கிற அவர் மகள் கயல், மடியில் அந்த நோட்டு.

"சித்தப்பா, கேளுங்க. எக்ஸ்கவேஷன், அகழ்தல். சீப்பேஜ், கசிவு. ஹஸார்ட், இடர்."

"கயலு, அகழ்தல்னா என்னம்மா?"

"அகழ்தல்னா எக்ஸ்கவேஷன் சித்தப்பா."

அவளுக்குப் பின்னால் நாலு பேர் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கித் தூர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்தியாடா" என்றார் அண்ணன். "எம் மண்டைக்குத்தான் ஏறல. இது கற்பூரம்."

தப்பு உன் மண்டையில் இல்லை அண்ணே, என் நோட்டில் என்று சொல்ல வாயெடுத்தேன். போன வாரமும் சொன்னேன். எனக்காகச் சொல்கிறாய் என்று சிரித்துவிட்டார். படித்தவன் தப்பாகச் சொல்லித் தருவான் என்று நம்ப எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

"எந்த வரப்புண்ணே அது?" என்று கேட்டேன்.

"நம்ம வரப்புதான். இப்ப அடமானம் வாங்குனவுங்களுது. கூலிக்கு வந்திருக்கேன்."

அழைப்பு நின்றது. மேசையில் அண்ணன் இடத்தில் டிஷ்யூ பாக்கெட் அப்படியே இருந்தது. கேன்டீன் நிரம்பி வழிந்தும் யாரும் அதைத் தொடவில்லை. ஊரில் என் பெயரும் இருந்த பட்டா, அண்ணன் ஊர் திரும்பிய மூன்றாம் வாரம் கடனுக்காகப் பெயர் மாறியது. அங்கே துண்டு போட்டு வைத்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். இங்கே காலியாக இருக்கிற இடத்துக்கு எங்கள் ஆள் வரமாட்டார்.

நானூற்றுப் பத்து வார்த்தைகள். ஆன விலை, மூன்று மா நஞ்சை.