ராகு காலத்தில் விழுந்த முதல் முத்திரை

ஊரில் ஒரு பச்சை மைக் கையெழுத்துக்காக அதிகாரி வீட்டு வாசலில் எத்தனையோ நாள் காத்துக் கிடந்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, டெக்சாஸில் என் நோட்டரி முத்திரை தபாலில் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்திருப்பவர் அவர்தானா, என் கண்ணெதிரே கையெழுத்துப் போடுகிறாரா என்று பார்த்து முத்திரை குத்துவதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிரிஸ்கோ கோயில் ஹாலில் மேசை போட்டு இலவசமாகச் செய்கிறேன் என்று நானே வலியப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் ஞாயிறு, மாலை நாலு முப்பத்தைந்துக்கு ஒரு கணவனும் மனைவியும் ஆறு வயது மகளோடு ஓடி வந்தார்கள். மனைவியின் அப்பா கோயம்புத்தூரில் ஐசியூவில் இருந்தார். மகளின் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. மறுநாள் காலை டாலஸ் பாஸ்போர்ட் அலுவலகத்தில் அவசர அப்பாயின்ட்மென்ட். கணவருக்குப் புது வேலை, அந்த ஞாயிறு மாலையே சியாட்டிலுக்குக் கிளம்ப வேண்டும். குழந்தை பாஸ்போர்ட்டுக்குத் தாய் தந்தை இருவரும் நேரில் நிற்க வேண்டும்; அவர் வர முடியாததால் அவருடைய சம்மதப் படிவம் நோட்டரி முத்திரையோடு போயாக வேண்டும்.

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். நாலு மூலையிலும் மஞ்சள். கீழே அழகாகக் கையெழுத்து.

"சார், என் முன்னாடிதான் சைன் பண்ணணும். இது செல்லாது."

"நாலரைக்கு ராகு காலம் வந்துருமுங்களே. அதான் நாலேகாலுக்கே வீட்ல போட்டுட்டனுங்க. ஆறு மணிக்கு மேல வேற ஒண்ணு போட்டுக்கலாமுங்களா?"

"அஞ்சரைக்கு நீங்க ஏர்போர்ட்ல இருக்கணும்" என்றார் மனைவி.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனால் அவரைக் கேலி செய்ய எனக்கு வாயில்லை. காலையில் முத்திரையைச் சாமி முன்னால் வைத்துக் குங்குமம் இட்டவள் நான். முதல் முத்திரை நாலரைக்குள் விழ வேண்டுமே என்று மூன்று மணியிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஈ காக்காகூட வரவில்லை.

மனைவி மேசை மேலிருந்த புதுப் படிவத்தை எடுத்துக் கணவர் முன்னால் தள்ளினார்.

"எங்கப்பா நல்ல நேரம் பாத்தா படுத்தாரு? போடுங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு இதுதான் சார் முதல் சீல். நானும் நாலரைக்குள்ள குத்தணும்னுதான் இருந்தேன்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லைசென்ஸை நீட்டினார், படிவத்தை நிரப்பினார், கையெழுத்துப் போட்டார். எனக்கு அத்தனை சந்தோஷம். இரண்டு கையாலும் அழுத்திக் குத்தினேன். மணி நாலு நாற்பத்தைந்து. அவர்கள் காருக்கு ஓடிய பிறகும் நான் உட்காரவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு படம் வந்தது. மருத்துவமனைக் கட்டிலில் தாத்தா, பக்கத்தில் பேத்தி. கூடவே அவள் அம்மாவின் குரலும் வந்தது.

"அப்பாவை வார்டுக்கு மாத்திட்டாங்க மேடம். இவ பேசற இங்கிலீஷ் ஒண்ணும் புரியல அவருக்கு. ஆனா கையை விடமாட்டேங்கறாரு."