இழவு நாளில் ஓடிய படம்

எங்கள் வீட்டுக்காரருக்கு டி.வி. பார்க்கும் ஆசை அவ்வளவாக இருந்ததில்லை. கம்பி இழுக்கும் ஆசைதான் இருந்தது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் கரண்டு வேலை பார்த்தார். எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு முதல் டி.வி. வந்தபோது, மலை மறைத்ததால் படம் விழவில்லை. திரையில் மழைதான் பெய்தது. மனுஷன் விடுவாரா? மலை உச்சியில் ஒரு யூக்கலிப்டஸ் மரத்தில் அன்டனாவைக் கட்டி, தேயிலைக்கு மேலாகக் கம்பி இழுத்து எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குக் கொண்டுவந்தார். அங்கே ஒரு பூஸ்டர், அதற்கு ஒரு லொறி பேட்டரி. அங்கிருந்து வீட்டுக்கு வீடு கம்பி போனது.

எனக்கு அது பிடிக்கவில்லை. காற்று வீசினால் கூரைக்கு மேலே அந்தக் கம்பி முனகும். என்னவோ வரப்போகிறது என்று தோன்றும். சொன்னால் சிரிப்பார்.

ஒரு காரியத்தில் மட்டும் அவர் கறார். லயத்தில் இழவு விழுந்து தப்பு மேளச் சத்தம் கேட்டதும், பேட்டரியிலிருந்து கிளிப்பைக் கழற்றிவிடுவார். பிணத்தை எடுத்து, போனவர்கள் குளித்துத் திரும்பும்வரை எந்த வீட்டிலும் படம் வராது. லயத்துச் சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டுச் சிரிப்பு அடுத்த வீட்டு ஒப்பாரியில் போய் விழும். யாரும் முணுமுணுத்ததில்லை. ஆனால் அதற்கு முன்பு ரேடியோ மட்டும் இருந்த காலத்தில், அவரவர் கையால்தான் நிறுத்தினோம். கிளிப் வந்த பிறகு யாரும் எதையும் நிறுத்தவில்லை. அவர் ஒருவர் நிறுத்தினார், நாங்கள் எல்லோரும் மரியாதை செய்ததாக நினைத்துக்கொண்டோம்.

பிறகு பதுளை பஜாரில் வீடியோ கடை வைத்திருந்த முதலாளி வந்தார். டவுனில் அவரும் வீடுகளுக்குக் கம்பி இழுத்து, சாயங்காலங்களில் கடையிலிருந்தே தமிழ்ப் படம் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கம்பியைத் தன் கம்பியோடு சேர்க்க வேண்டும் என்றார். நல்ல மனிதர், எங்கள் வீட்டில் பிளேன்டீ குடித்துக்கொண்டே பேசினார். வீட்டுக்காரர் அதற்குக் காசுகூடக் கேட்கவில்லை. இழவு விழுந்தால் லயத்துக்குப் படம் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் கேட்டார்.

"அதெல்லாம் நீங்க யோசிக்காதீங்க. ஒரு சொல் சொல்லி அனுப்புங்க, நான் நிப்பாட்டிர்றேன்" என்றார் முதலாளி.

சொன்னபடி செய்தார். லயத்தில் ஒரு பெரியவர் இறந்தபோது, ஆள் போய்ச் சொன்ன கையோடு நிறுத்தினார். ஆனால் எங்கள் பூஸ்டரைக் கழற்றி, ரோட்டோரத் தூணில் இரும்புப் பெட்டி வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி பதுளையில் இருந்தது. கடைப் பலகையில் இப்போது கம்பெனி என்று எழுதியிருந்தது.

அந்தக் கம்பெனியைப் பண்டாரவளைக் கம்பெனி ஒன்று தன்னோடு சேர்த்துக்கொண்டது. பெயர் மாறியது, சாவியும் பண்டாரவளைக்குப் போனது. முதலாளி துணிக்கடை போட்டார். பிறகு அந்தக் கம்பெனியைக் கொழும்பு ஆட்கள் வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டோம். எங்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை. பெட்டியில் வேறு நிறம் அடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் என்னோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்தவள் பிரசவத்தில் போய்விட்டாள். வீட்டுக்காரர் பஸ் பிடித்துப் பண்டாரவளை ஆபீசுக்கே போனார். அங்கே மேசையில் இருந்த ஆள் மரியாதையாகத்தான் பேசினானாம். ஒரு லயத்துக்காக லைனை நிறுத்த முடியாது, பார்க்க வேண்டாமென்றால் அவரவர் வீட்டில் நிறுத்திக்கொள்ளலாமே என்றானாம். அவன் சொன்னதில் என்ன தப்பு? அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

அவர் திரும்பி வரும்போது லயத்தில் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். சில வீடுகளில் கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்துப் படம் பார்த்தார்கள். கதவிடுக்கில் நீல வெளிச்சம் ஆடியது. அவர் யாரையும் திட்டவில்லை. வந்து அடுப்படியில் உட்கார்ந்தார்.

"இந்தா புள்ள, நான்தான் கெடுத்தேன். இவங்க கையில இருந்ததப் புடுங்கி என் கையில வச்சிக்கிட்டேன். இப்ப அது எவன் கையிலயோ இருக்கு."

அவரை அப்படிப் பார்க்கப் பயமாக இருந்தது. விடிந்ததும் வீடு வீடாகப் போய், இழவு விழுந்தால் இனி அவரவர் கையால் நிறுத்துங்கள் என்று சொன்னார். எல்லோரும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார்கள். எனக்கு அந்த ஆமாங்கவில் நம்பிக்கை வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மார்வலி என்று, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்திலிருந்து அவரைத் தூக்கி வந்தார்கள். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

எங்கள் காம்பரா சிறியது. அவரைக் கிடத்த இடம் வேண்டுமென்று பெட்டியையும் அலமாரியையும் வெளியே எடுத்தார்கள். டி.வி.யை மழையில் வைக்கக்கூடாதென்று அடுத்த வீட்டில் வைத்தார்கள். சாயங்காலம் தப்புக்காரர்கள் பிளேன்டீ குடிக்க எழுந்தபோது ஒப்பாரியும் கொஞ்சம் ஓய்ந்தது. அப்போது சுவருக்கு மேலாக ஒரு பாட்டுக் கேட்டது. மெதுவாகத்தான் வைத்திருந்தார்கள். ஸ்பீக்கரில் ஒரு கிழிசல் இருந்தது, பாட்டு உச்சிக்குப் போனால் கரகரக்கும். ஒட்ட வேண்டும், ஒட்ட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்த கிழிசல்.

ஓடியது எங்கள் டி.வி. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அந்தப் பாட்டை முடியும்வரை கேட்டேன்.